மூடியிருக்க வேண்டிய ஜன்னல்கள்

நீங்கள் கேட்டது காதில் விழுந்தது, மதினி. பதில் சொல்லத்தான் போகிறேன். போன நவம்பரில் சோதனை நடந்த இரண்டு நாளும் கீழ் அறை ஜன்னல்கள் மூடியிருந்தனவா, திறந்திருந்தனவா. இதுதானே? ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வார்த்தையில் சொன்னால் என் மகனைப் பற்றித் தவறாக நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். அதனால் உட்காருங்கள்.

இந்த மார்ச் மாதக் காற்றில் அரை மைல் நடந்து வந்திருக்கிறீர்கள், சேலைக்கு மேல் மருமகனின் கோட்டை மாட்டிக்கொண்டு. காப்பி குடியுங்கள். எங்கள் பழைய வீட்டை உங்கள் மகள் வாங்கி மூன்று மாதம் ஆகிறது, இன்றைக்குத்தான் நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருகிறோம். தென்காசி என்றீர்களே. நான் பாளையங்கோட்டை. பெண்கள் கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் சரித்திரம் நடத்தினேன். வடிவு மேடம் என்றால் அந்தப் பக்கம் யாருக்கும் தெரியும். இங்கே மதினி என்று கூப்பிட ஒரு ஆள் கிடைக்க ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

இருமலைப் பொருட்படுத்தாதீர்கள். குளிர் நாட்டு இருமல். செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுக்க நெல்லையப்பன் ஏற்பாடு செய்திருக்கிறான். ஒரு இருமலுக்கு ஸ்கேனா என்று கேட்டேன். 'எடுத்துடலாம்மா' என்கிறான். ஆபீஸுக்கு லீவு போட்டு அவனே கூட்டிக்கொண்டு போகிறானாம். அப்படிப்பட்ட பிள்ளை.

சரி, நீங்கள் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்கள் மகள் சிவகாமிக்கு அவள் ஆபீஸ் சிநேகிதி ஒரு சின்ன மெஷின் கொடுத்தாள். காற்றில் ரேடான் எவ்வளவு என்று நாளுக்கு நாள் எண் காட்டும். கீழ் அறையில் வைத்தீர்கள். இருபத்து நாலு காட்டுகிறது, மறுநாள் இருபத்தாறு. வீடு வாங்குவதற்கு முன் எடுத்த சோதனையிலோ ஒன்று புள்ளி எட்டு. உங்கள் மருமகன், அது மலிவு மெஷின், கோளாறு, தூக்கிப் போடு என்கிறார். ஆனால் அந்த அறையில்தான் உங்கள் கட்டில். அந்த அறையில்தான் சிவகாமியின் கம்ப்யூட்டர். ஏழு மாத வயிற்றை வைத்துக்கொண்டு காலை எட்டு மணியிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். மெஷினை நம்புவதா, சோதனைக் காகிதத்தை நம்புவதா என்று தெரியாமல், வீட்டில் சொல்லாமல், இங்கே வந்திருக்கிறீர்கள். சரிதானே?

அந்த அறை எனக்குத் தெரியாததில்லை. ஒன்பது வருஷம் படுத்த அறை. பேஸ்மென்ட் என்பார்கள், பாதி மண்ணுக்குள் இருக்கிற அறை, உள்ளே போனால் ஒரு கிணற்றடிக் குளிர்ச்சி. மூன்று ஜன்னல்கள், கூரையை ஒட்டி. அண்ணாந்து பார்த்தால் வெளியே புல்லின் அடித்தண்டு தெரியும். முயல் வந்தால் அதன் பாதம் தெரியும், முகம் தெரியாது. என்னை யாரும் அங்கே தள்ளவில்லை, மதினி. நானேதான் கேட்டேன். கேட்டேன் என்றால், நெல்லையப்பன், 'கீழே அமைதியா இருக்கும்மா, நிறையப் படிக்கலாம்' என்றான். நான் சரி என்றேன். அதுவும் கேட்டதுதானே. மேலே நாலு அறை. ஒன்று அவர்களுக்கு, ஒன்று பேத்தி தன்யாவுக்கு, ஒன்று மருமகள் யாமினியின் ஆபீஸ், இன்னொன்றில் நடக்கும் மெஷின். நடக்கும் மெஷினைக் கீழே இறக்க முடியாதாம். கனம்.

உங்கள் மகள் பார்ப்பதற்கு முன்னால் வேறு ஒரு ஜோடி அந்த வீட்டைப் பார்த்தார்கள். அது உங்களுக்குத் தெரியாதில்லையா? அக்டோபரில். வெள்ளைக்காரர்கள், சின்ன வயசு. அவர்கள் அனுப்பிய ஆள்தான் முதன்முதலில் அந்த டப்பாக்களைக் கொண்டுவந்தார். வட்டமான இரண்டு தகர டப்பா. என் அறையில் ஒரு முக்காலி மேல் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே என்ன என்று கேட்டேன். கரி என்றார். கரி காற்றைக் குடித்து வைத்துக்கொள்ளுமாம். இரண்டு நாள் கழித்து மூடி அனுப்பினால், குடித்ததை எண்ணிச் சொல்வார்களாம்.

அவர் நல்ல மனிதர். கிழவிதானே என்று நினைக்காமல் விளக்கினார். இந்தப் பக்கத்துப் பாறைக்குள் இருந்து வருகிறதாம் அந்த ரேடான் வாயு. மண்ணுக்குள் ஏறி, தரை வெடிப்பு வழியாக, குழாய் ஓரம் வழியாக வீட்டுக்குள் வந்து தங்குமாம். நிறம் இல்லை, மணம் இல்லை. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆகாது. சோதனை எண் நாலைத் தொட்டால் சரிசெய்ய வேண்டும். அதுவும் பெரிய வேலை இல்லை. தரைக்கு அடியில் ஒரு குழாய் விட்டு, ஒரு விசிறி வைத்து, கூரைக்கு மேலே இழுத்து விட்டுவிடுவார்கள். ஒரு நாள் வேலை என்றார்.

ஒரு துண்டுக் காகிதமும் கொடுத்தார். பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன், பழக்கம் விடுமா. டப்பாவைத் திறப்பதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே எல்லா ஜன்னலையும் மூடிவிட வேண்டும். திறந்த பிறகு நாற்பத்தெட்டு மணி நேரம் மூடியே இருக்க வேண்டும். வாசல் கதவு, போக வர மட்டும். நாங்கள் அப்படியே மூடி வைத்தோம். தாளிக்கும்போதுகூட யாமினி ஜன்னலைத் திறக்கவில்லை. இரண்டு நாள் தயிர்சாதம்.

அந்த ஜோடி வீட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் பெண் தன் குடையை எங்கள் வீட்டில் மறந்து வைத்திருந்தாள். எடுக்க வந்தபோது நான் மட்டும் இருந்தேன். அவளுக்கும் வயிறு லேசாகத் தெரிந்தது. குடையை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே நீங்கள்தான் படுக்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இருபத்திரண்டு வந்திருக்கிறது, உங்கள் மகனிடம் எல்லாம் சொல்லியாயிற்று, நீங்கள் அங்கே படுக்காதீர்கள் என்றாள். காய்ச்சல் எத்தனை என்று சொல்வது போல அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

சாயங்காலம் நெல்லையப்பனிடம் கேட்டேன்.

"விலையைக் குறைக்க இப்படி ஏதாவது சொல்லுவாங்கம்மா. மெஷின் கோளாறு" என்றான்.

"டப்பாவில ஏதுப்பா மெஷின்? கரிதானே இருந்துச்சு?"

"லேப்ல இருக்கும்லா."

நான் விட்டுவிட்டேன். என்னை விட அவனுக்குத் தெரியும். அன்றைக்கே, பாருங்கள், அவன் தன்யாவின் படிப்பு மேஜையைக் கீழேயிருந்து மேலே கொண்டுபோனான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் என் அறையில்தான் உட்கார்ந்து எழுதுவாள். நான் எதிரே புத்தகம் படிப்பேன். 'கீழே வெளிச்சம் பத்தலம்மா' என்றான். எனக்கும் தோன்றிய விஷயம்தான். மேஜையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். படி ஏறும்போது மூச்சு வாங்கியது, ஆனாலும் பிடித்தேன். அந்த வாரத்திலிருந்தே யாமினிக்கு முட்டி வலி. துணி துவைக்கும் மெஷின் கீழேதானே இருக்கிறது? அழுக்குத் துணிக் கூடையைப் படிக்கட்டின் மேலேயே வைத்துவிட்டு, 'அத்தை, நீங்களே போட்டுடறீங்களா' என்பாள். பாவம், நாற்பது வயசில் முட்டி வலி. அதற்குப் பிறகு அவள் கீழே வந்து நான் பார்க்கவில்லை.

நான் ஒரு தடவை கேட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. "நானும் மேலே வந்து படுக்கட்டுமாப்பா? அந்த நடக்கும் மெஷின் பக்கத்தில ஒரு பாய் போட்டா போதும்."

"ஒன்பது வருஷம் படுத்தாச்சு. இன்னும் ரெண்டு மாசம்தானம்மா. இப்ப ரூமை மாத்தினா, வீடு பார்க்க வர்றவங்க ஏன்னு கேப்பாங்க."

"அப்படின்னா அந்தக் குழாயைப் போட்டுரலாமே. ஒரு நாள் வேலைன்னாரே."

"குழாய் போட்டா ஏன் போட்டோம்னு எழுதிக் குடுக்கணும். இருபத்திரண்டுன்னு எழுதினா எவன் வருவான்? உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நீ ஊர்க் கட்டை."

சிரித்தான். நானும் சிரித்தேன். இந்தப் புது வீட்டுக்கு அப்போதே கையெழுத்துப் போட்டாயிற்று. பழையது விற்றால்தான் இதற்கு வர முடியும். அவன் ராத்திரியெல்லாம் தூங்காமல் மேலே நடந்த சத்தம் எனக்குக் கேட்கும். தலைக்கு மேல்தானே அவன் நடப்பான். அவனுடைய கஷ்டத்தை நீங்கள் பார்த்திருந்தால் அவன் மேல் கோபம் வராது.

ஆறவிடாதீர்கள், குடியுங்கள். உங்கள் சமாசாரத்துக்கு வருகிறேன்.

நவம்பரில் உங்கள் மகளும் மருமகனும் வந்தார்கள். அவர்கள் அனுப்பிய ஆள், வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அதே மாதிரி இரண்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். ஜன்னல்கள் மூடியிருந்தன. இரவும் மூடியிருந்தன. மறுநாள் வெள்ளிக்கிழமை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் வந்த முதல் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டேன். ஊரில் போடுகிற மாதிரியே போட்டேன். வீட்டில் இருக்கிற அத்தனை அலாரமும் அடித்தது. எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய சிவப்பு வண்டி வந்து நின்றது. முழங்கால் வரை பூட்ஸ் போட்ட நாலு பேர் என் சாமி அலமாரி முன்னால் நின்று புகையை முகர்ந்தார்கள். அதிலே ஒரு பையன் முருகன் படத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். தெரு முழுக்க வேடிக்கை. நெல்லையப்பனுக்கு மானம் போய்விட்டது. 'இனிமே இந்த வீட்டில சாம்பிராணின்னு பேச்சே இருக்கக் கூடாது' என்றான். அதோடு சரி. ஊதுபத்திகூட ஒன்றுக்கு மேல் கொளுத்தியதில்லை.

அப்படிப்பட்டவன் அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, குளித்துவிட்டு, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு, கீழே இறங்கி வருகிறான். கையில் இந்தியக் கடையில் வாங்கிய கப் சாம்பிராணிப் பெட்டி. "அம்மா, ஒன்பது வருஷம் இருந்த வீடு. விட்டுட்டுப் போறோம். ஒரு நல்ல காரியமா, வீடு பூராவும் சாம்பிராணி போடும்மா" என்கிறான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மதினி. அவன் அப்பா இறந்த வருஷத் திதிக்குக்கூட லீவு கிடைக்கவில்லை என்றவன்.

"அலாரம் அடிக்குமேப்பா" என்றேன்.

"ஜன்னலையெல்லாம் நானே திறந்து விடுறேன்" என்று நாற்காலியில் ஏறி, மூன்று ஜன்னலையும் அவன் கையாலேயே திறந்தான். மேலே வாசல் கதவு, சமையலறை ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன். வீட்டுக்குள் காற்று ஆறு மாதிரி ஓடியது. முக்காலி மேல் டப்பா இரண்டும் வாயைத் திறந்தபடி இருந்தன.

"டப்பா இருக்கேப்பா. மூடி வைக்கணும்னு காகிதத்தில போட்டிருக்கே."

"சாமி காரியம்மா. அதுக்கெல்லாம் விலக்கு உண்டு."

அந்தக் காகிதத்தை நான் இரண்டு தடவை படித்திருந்தேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை. அதையும் சொன்னேன். 'நீ இன்னும் டீச்சராவே இரு' என்று என் கன்னத்தைத் தட்டினான்.

போட்டேன். நாலு கப். டப்பாவில் சாம்பல் விழக் கூடாதே என்று அது பக்கம் மட்டும் கொண்டுபோகவில்லை. என் அறை கோயில் பிராகாரம் மாதிரி மணத்தது. ராத்திரியும் புகை போகட்டும், திறந்தே இருக்கட்டும் என்றான். நவம்பர் ராத்திரி. இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, அதற்கு மேல் ரஜாய்ப் போர்வை. அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த இருமல். அதற்கு முன்னாலும் இருந்தது, இவ்வளவு இல்லை.

மறுநாள் காலை மறுபடி வந்தான். "இன்னைக்கும் போடேம்மா."

"சனிக்கிழமையா?"

"பெருமாளுக்கு."

எங்கள் வீட்டில் ஏழு தலைமுறையாகச் சிவனைத் தவிர யாருக்கும் ஒரு பூக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. சரி, வயசாகிறது, அவனுக்கும் பக்தி விரிகிறது என்று நினைத்தேன். போட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவனே வந்து ஜன்னல்களை மூடினான். ஆறு மணிக்கு டப்பா எடுக்கிற ஆள் வந்தார். நல்ல வாசனை என்றார். ஜன்னல் எல்லாம் மூடியிருந்ததா என்று கேட்டார். 'மூடியிருந்தது' என்றான் நெல்லையப்பன். நான் அங்கேதான் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

பிறகு உங்கள் மகள் அளவு டேப்போடு வந்தாள். 'ஆன்ட்டி, இங்கே எங்கம்மாவுக்குக் கட்டில், இந்தச் சுவரை ஒட்டி என் டேபிள். எவ்வளவு அமைதியா இருக்கு இந்த ரூம்' என்றாள். ஆமாம், கிணற்றடி மாதிரி என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அவளுக்கு மூன்று மாதம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்று இப்போது சொல்வது சுலபம்.

அவன் கவனக்குறைவான பிள்ளை இல்லை, மதினி. இந்த வீட்டை வாங்குகிறபோது பார்த்திருக்க வேண்டும். இதே சோதனை இங்கேயும் நடந்தது, முழுப் பணம் கட்டிச் சாவி வாங்குவதற்கு முன்னால், டிசம்பர் முதல் வாரத்தில். டப்பா போதாது, மணிக்கு மணி கணக்கு எடுக்கிற மெஷின்தான் வேண்டும் என்று அடம் பிடித்தான். இந்த வீட்டுப் பழைய சொந்தக்காரர்கள் உள்ளே குடியிருந்தார்களா, அதனால் ஒவ்வொரு ஜன்னலிலும் காகித முத்திரை ஒட்டச் சொன்னான். யாராவது திறந்தால் கிழிந்துவிடும். இரண்டு நாளும் ஆபீஸ் விட்டு வரும்போது தெருவில் காரை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு வருவான். எதுக்குப்பா இவ்வளவு என்று கேட்டேன். 'மனுஷங்களை நம்ப முடியாதும்மா. ஜன்னலைத் திறந்து வச்சு ஏமாத்திருவாங்க' என்றான்.

ஏமாத்திருவாங்க என்றான்.

இதை நான் யாமினியின் அம்மாவிடம்கூடப் போனில் பெருமையாகச் சொன்னேன். என் பிள்ளைக்கு எவ்வளவு கவனம் என்று. இப்போது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லும்போது வேறு மாதிரி கேட்கிறது.

இங்கே எனக்கு மேலே அறை. கேட்காமலே கொடுத்தான். கிழக்கு ஜன்னல், காலையில் வெயில் கட்டில் வரை வரும். ஏன் மேலே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இருங்கள், போன் அடிக்கிறது. அவன்தான்.

"சொல்லுப்பா... ஆமா, வந்திருக்காங்க... நீ எப்படிப் பார்த்தே?... ஓ, வாசல் காமிராவா... ஒண்ணுமில்லப்பா. கறிவேப்பிலைக் கன்னு கேட்டு வந்தாங்க... இல்ல, வேற ஒண்ணும் கேக்கல... சரி... சரிப்பா. மூடியிருந்துச்சுன்னே சொல்றேன்."

வைத்துவிட்டான். கிளம்பிவிட்டானாம். இருபது நிமிஷம். நான் வந்து பேசிக்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்கிறான். வாசலில் அந்தக் கண் இருப்பது எனக்கு மறந்தே போய்விட்டது. நீங்கள் வந்தது, செருப்பைக் கழற்றியது, எல்லாம் அவன் ஆபீஸில் இருந்தபடியே பார்த்திருக்கிறான்.

எழுந்திருக்காதீர்கள். இருபது நிமிஷம் போதும்.

என்னிடம் இருப்பது ஒரே பிள்ளை, மதினி. நான் இருப்பது அவன் வீடு. பாளையங்கோட்டையில் இருந்ததை விற்றாயிற்று. திரும்பிப் போக எனக்கு வாசல் கிடையாது. இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பயமில்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த ஃப்ரிட்ஜ் மேலே தன்யாவின் நோட்டு இருக்கும். நடுவில் ஒரு தாளைக் கிழித்துக்கொள்ளுங்கள். பேனா அங்கேயே செருகியிருக்கும். நீங்களே எழுதுங்கள், என் கை சரியாக இல்லை. வாயால் சொன்னதை வைத்து உங்கள் மருமகனை நம்பவைக்க முடியாது. கிழவிகள் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள் என்பார்.

எழுதுங்கள். நவம்பர் மாதம் சோதனை நடந்தபோது, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து சனிக்கிழமை மாலை ஐந்து மணி வரை, கீழ் அறையின் மூன்று ஜன்னல்களும் திறந்திருந்தன. வாசல் கதவும் சமையலறை ஜன்னலும் பகலில் திறந்திருந்தன. விசிறி ஓடியது. ஆகையால் ஒன்று புள்ளி எட்டு என்ற எண் அந்த அறையின் எண் அல்ல. எழுதிவிட்டீர்களா? அதற்கு முன்னால், அக்டோபரில், எல்லாம் மூடியிருந்தபோது வந்த எண் இருபத்திரண்டு. உங்கள் மெஷின் பொய் சொல்லவில்லை என்று தனி வரியாகப் போடுங்கள். வீட்டுக்குப் போனதும் முதலில் சிவகாமியை மேலே வரச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். நீங்களும் இன்றைக்கே மேலே படுங்கள். குழாய் போடுகிற ஆளுக்கு நாளைக்குச் சொன்னால் போதும். அவ்வளவு சின்ன வேலை அது.

கீழே என் பெயர். வடிவாம்பாள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று எதுவும் வேண்டாம். வடிவாம்பாள், அந்த அறையில் ஒன்பது வருஷம் இருந்தவள். அது போதும்.

யார் திறந்தார்கள் என்று கேட்கிறீர்கள். அதை எழுத வேண்டாம், மதினி. ஜன்னல் திறந்திருந்தது என்றால் போதாதா? காற்றுக்குத் திறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் திறந்தேன் என்று வேண்டுமானாலும் போடுங்கள். ஒரு கிழவி, சாம்பிராணிப் பைத்தியம், விஷயம் தெரியாமல் திறந்துவிட்டாள். எல்லாரும் நம்புவார்கள். அவனும் அதைத்தான் சொல்வான், பாருங்கள், உள்ளே வந்ததும் முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அம்மாதான் தெரியாமல் திறந்துவிட்டாள் என்று.

காகிதத்தைப் படித்தவள் நான். கோடு போட்டுப் படித்தவள்.

கராஜ் கதவு மேலே போகிற சத்தம். சீக்கிரமாகவே வந்துவிட்டான். தாளை மடிக்காதீர்கள். அந்தப் பேனாவை இப்படிக் கொடுங்கள். எழுத்து கோணினால் கோணட்டும், படிக்கிற மாதிரி இருந்தால் போதும். திறந்தவர் என்று எழுதி ஓர் இடம் விட்டிருக்கிறீர்களே, அங்கே நீங்கள் எழுதக் கூடாது. அது நான் வைத்த பெயர். நான்தான் எழுத வேண்டும்.